காலையில் வண்டி குலுங்குகிறதா? முதலில் நோட்டு, அப்புறம் ஸ்பேனர்



இந்த மாதப் பாடம் வண்டியைப் பற்றியது. “இது ஆம்பளைங்க சமாச்சாரம்” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். தீர்மானம் போட்டுக் கடன் வாங்கி வண்டி எடுத்தது நாம். மாதாமாதம் தவணை கட்டுவது நாம். பழுதானால் பில் கட்டுவதும் நாம்தான். பில் கட்டுகிற நமக்கு, எதற்காகக் கட்டுகிறோம் என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

வண்டி வேலை எல்லாவற்றையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு குறையைத்தான் எடுத்துக்கொள்கிறோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி நின்ற இடத்திலேயே குலுங்குகிறது, ஆக்சிலேட்டரை மிதிக்காவிட்டால் ஆஃப் ஆகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் இதை “ஐட்லிங் நிக்கல”, “மிஸ்ஸிங் அடிக்குது” என்பார்கள். இது எதனால் வருகிறது, நாமே எதுவரை பார்க்கலாம், எங்கே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

எங்களுக்கு நடந்தது

பெருமாநல்லூர் பக்கத்தில் நாங்கள் சில குழுக்கள் சேர்ந்து ஒரு சின்னத் தையல் யூனிட் நடத்துகிறோம். கட்டிங் ஆன பீஸ்களைக் கம்பெனியில் இருந்து எடுத்து வருவோம். தைத்து, பிசிர் வெட்டி, செக்கிங் முடித்துத் திருப்பிக் கொடுப்போம். ஆட்டோ வாடகை கட்டுப்படியாகவில்லை என்று 2021ல் கடன் வாங்கி ஒரு பழைய பெட்ரோல் வேன் எடுத்தோம். 2014ல் பதிவான வண்டி, மஞ்சள் போர்டு. அதை ஓட்டுவதும் எங்கள் உறுப்பினர் அக்கா ஒருவர்தான். லைசென்ஸ் எடுத்து, சரக்கு ஏற்றி இறக்கி, கணக்கும் எழுதி வைப்பார்.

போன மார்கழியில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும். உடனே வண்டி முழுக்கக் குலுங்கும், கண்ணாடி கடகடவென்று ஆடும். இரண்டு மூன்று நிமிடம் மிதித்துப் பிடித்தால் சரியாகிவிடும். அப்புறம் நாள் முழுக்க நன்றாகவே ஓடும்.

ஒர்க்‌ஷாப்பில் “வண்டி குலுங்குதுங்க” என்று சொல்லி விட்டுவிட்டு வந்தோம். பாட்டரி மாற்றினார்கள். இரண்டு நாள் பரவாயில்லை போல் இருந்தது, மறுபடி குலுங்கியது. பிளக் மூன்றையும் மாற்றினார்கள். அப்போதும் குலுங்கியது. மூன்றாம் முறை போனபோது “இன்ஜெக்டர் மூணும் மாத்தணும்” என்று ஒரு தொகை சொன்னார்கள். அதற்குள்ளேயே ஒரு மாதத் தவணைக்கு மேல் செலவாகியிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள், ஷிப்மென்டுக்குப் போக வேண்டிய குழந்தைகள் உடுப்பு மூட்டைகளோடு, பெருமாநல்லூர் சந்திப்பில் வண்டி ஆஃப் ஆகி நின்றுவிட்டது. பின்னால் பஸ், லாரி எல்லாம் ஹாரன். சரக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. “நேரத்துக்கு வராட்டி அடுத்த ஆர்டரை வேற யூனிட்டுக்குக் கொடுத்துடுவோம்” என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆர்டரை நம்பிப் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரிகிறது.

அந்த வாரக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். “வண்டியை வித்துப் போடலாம்” என்றார்கள் பாதிப் பேர். “கடன் முடியாம எப்படி விக்கிறது?” என்றார்கள் மீதிப் பேர். “பொம்பளை ஓட்டுறதாலதான் வண்டி இப்படி ஆச்சு” என்று வெளியே சிலர் பேசியதும் எங்கள் காதுக்கு வந்தது.

அதுவரை பேசாமல் இருந்த வண்டி ஓட்டும் அக்கா அப்போது ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க, ஓவர்லாக்ல தையல் விட்டு விட்டு விழுந்தா நாம மெஷினையா மாத்தறோம்? நூல் சரியாக் கோத்திருக்கான்னு பாக்கறோம். அப்புறம் ஊசி மாத்திப் பாக்கறோம். அப்புறம் டென்ஷன். அதுக்கும் சரிப்படலைன்னாத்தானுங்க மெக்கானிக்கைக் கூப்பிடறோம். வண்டிக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிட்டுப் பணத்தைக் கொடுக்கோணும்?”

அந்தக் கேள்விதான் இந்தப் பாடம். குலுங்குவது ஒரு அறிகுறி மட்டுமே. காய்ச்சல் வந்தால் காரணம் பத்து இருக்கலாம் இல்லையா, அதுபோல. எப்போது வருகிறது என்று கவனித்து, செலவில்லாததில் இருந்து செலவுள்ளதற்கு ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

எஞ்சின் ஏன் குலுங்குகிறது?

பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று தேவை: காற்று, பெட்ரோல், தீப்பொறி. மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் கிடைத்தால் ஒவ்வொரு சிலிண்டரும் வரிசையாக எரிந்து எஞ்சின் சீராகச் சுற்றும். ஒன்று குறைந்தாலும் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரியாது.

நம் பக்கம் நிறையப் பேர் வைத்திருக்கும் மாருதி ஆம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 1984ல் வந்து, 2019ல் தயாரிப்பு நின்ற வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர். மூன்று பேர் தூக்குகிற மூட்டையை ஒருத்தர் கைவிட்டால் என்ன ஆகும்? மூட்டை ஒரு பக்கம் சாயும். மூன்று சிலிண்டரில் ஒன்று எரியாவிட்டால் வண்டி குலுங்குவது அதனால்தான். குட்டியானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005ல் வந்தபோது 702 சி.சி., இரண்டே சிலிண்டர் டீசல் எஞ்சின். இப்படிப்பட்ட சின்ன எஞ்சின்கள் இயல்பாகவே கொஞ்சம் அதிரும். எனவே “எப்போதும் உள்ள அதிர்வா, புதிதாக வந்த குலுக்கலா?” என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

காலையில் மட்டும் ஏன் அதிகம்? இரவு முழுக்க நின்ற எஞ்சின் ஆறிப்போயிருக்கும். ஆறிய எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் அப்போது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டியில் இதற்காகச் சோக் இழுப்போம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் எஞ்சின் சூட்டை ஒரு சென்சார் அளந்து சொல்லும். வண்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அதை வைத்துப் பெட்ரோலைக் கூட்டும். ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் வேகமாகச் சுற்றி, சூடானதும் தானாகவே குறைவது நல்ல வண்டியின் அடையாளம். அதைக் குறை என்று நினைக்க வேண்டாம்.

முதல் படி: எப்போது குலுங்குகிறது?

இதற்குப் பைசா செலவில்லை. ஆனால் இதுதான் மிக முக்கியம். ஒரு வாரம் கவனித்தால் போதும்.

1. காலையில் முதல் சில நிமிடம் மட்டும் குலுங்கி, சூடானதும் சரியானால்: எங்காவது வெளிக்காற்று உள்ளே புகுவது, த்ராட்டில் பாடியில் அழுக்கு, சூட்டை அளக்கும் சென்சார், இரவில் பெட்ரோல் பிரஷர் இறங்கிவிடுவது, தேய்ந்த பிளக். இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. காலை, மதியம், சூடு, ஆறல் என்றில்லாமல் எப்போதும் குலுங்கினால்: ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். பிளக், ஒயர், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அந்த வழியில் பார்க்க வேண்டும்.

3. ஹெட்லைட், ஏசி போட்டால் மட்டும் குலுங்கினால்: ஐட்லிங் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் பாகம், அல்லது பாட்டரி, ஆல்டர்நேட்டர்.

4. எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருக்கிறது, ஆனால் வண்டி மட்டும் ஆடுகிறது என்றால்: எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கலாம். இதற்குப் போய்ப் பிளக் மாற்றிப் பயனில்லை.

5. மழைக்கு மறுநாள் மட்டும் என்றால்: பிளக் ஒயரில் ஈரம்.

நாம் கூட்டத்தில் தீர்மான நோட்டு எழுதுகிறோம், வரவு செலவு எழுதுகிறோம். அதே பழக்கம்தான் இதற்கும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். எங்கள் அக்கா எழுதியது இப்படி இருந்தது:

திங்கள். காலை 7 மணி. இரவு முழுக்க நின்றது. 3 நிமிடம் குலுங்கல். புகை இல்லை.
திங்கள். மதியம் 1 மணி. அரை மணி நேரம் நின்றது. குலுங்கல் இல்லை.
செவ்வாய். காலை 7 மணி. 3 நிமிடம் குலுங்கல். மிதித்துப் பிடித்தால் குலுங்கல் இல்லை.
புதன். காலை 10 மணி. வெயிலில் நின்றது. 1 நிமிடம் மட்டும்.

ஆறிய எஞ்சினில் மட்டும், மிதிக்காதபோது மட்டும் என்று நான்கே வரியில் தெரிந்துவிட்டது. பாட்டரி மாற்றியபோது இந்த நான்கு வரி எங்களிடம் இல்லை.

இரண்டாம் படி: பார்த்தும் கேட்டும் அறிவது

புகையைப் பாருங்கள். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை ஆவி சாதாரணம். சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது பெரிய வேலை, உடனே காட்ட வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

சைலன்சர் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே சீராக வந்தால் நல்லது. நடுநடுவே ஒரு தாளம் விட்டுப்போனால் மிஸ்ஸிங்.

மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கைப் பாருங்கள். சாவி திருப்பியதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு குறையைப் பதிந்து வைத்திருக்கிறது. ஓடும்போது அந்த விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். விலை அதிகமான பாகம் அது.

மூன்றாம் படி: நாமே பார்க்கக்கூடியவை

ஏர் ஃபில்டர். நம் பகுதிக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற ஊரில் ரோட்டுப் புழுதி மட்டும்தான். நமக்குப் புழுதியோடு பனியன் துணிப் பஞ்சும் சேரும். யூனிட் வாசலில், கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி அந்தப் பஞ்சைத்தான் இழுக்கும். எங்கள் ஃபில்டரைக் கழற்றியபோது தலையணைக்குள் இருப்பதுபோல் பஞ்சு படிந்திருந்தது. அதை மாற்றினோம். வண்டியின் இழுவை நன்றாக ஆனது, ஆனால் காலைக் குலுக்கல் போகவில்லை. மாற்ற வேண்டியதுதான், இருந்தாலும் நாம் தேடிய காரணம் அதுவல்ல. இரண்டையும் நோட்டில் தனித்தனியாக எழுதிக்கொண்டோம். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது.

பாட்டரி. வயர் நுனிகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். நல்ல பாட்டரி, வண்டி நின்றிருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வரும். எலக்ட்ரீஷியன் கடையில் மீட்டர் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அளந்து பார்க்காமல் பாட்டரி மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சாவிச் சோதனை. இதற்குச் செலவே இல்லை. காலையில் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி, இரண்டு மூன்று வினாடி நிறுத்துங்கள். டேங்க் பக்கம் பெட்ரோல் மோட்டார் ‘உய்ங்’ என்று ஓடி நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அன்றைக்குக் குலுங்காமல் நின்றால், இரவில் பெட்ரோல் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று சந்தேகப்படலாம். பெட்ரோல் மோட்டாரையும் இன்ஜெக்டரில் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியில் மூன்று நாள் செய்து பார்த்தோம். ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் மூன்று இன்ஜெக்டரையும் மாற்ற ஏன் அவசரப்பட வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

பெட்ரோல். பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் சமயத்தில் யூனிட்டுக்கு லீவு விடுகிறோம், வண்டியும் நிற்கிறது. இப்படிப் பல நாள் நிறுத்தும்போது டேங்கில் கொஞ்சமாகப் பெட்ரோல் விட்டு வைக்காதீர்கள். 2025ல் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் அது பெட்ரோலில் இருந்து பிரிந்து அடியில் தங்கும். முதல் ஸ்டார்ட்டில் அதுதான் எஞ்சினுக்குப் போகும். இந்தப் பெட்ரோலுக்கு என்றே செய்யப்படாத பழைய வண்டிகளில், ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் கொஞ்சம் முன்னாடியே மாற்ற வேண்டி வரலாம். சர்வீஸ் விடும்போது இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: பிளக் சொல்லும் சேதி

பிளக்கைக் கழற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆம்னி மாதிரி வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும், சீட்டைத் தூக்கினால் தெரியும். கழற்றும் பிளக்கை 1, 2, 3 என்று எழுதிய காகிதத்தில் வரிசையாக வையுங்கள். எது எந்தச் சிலிண்டரின் பிளக் என்று கலந்துவிட்டால் பார்த்ததில் பயன் இல்லை.

நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது.
காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று குறைவு.
எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது.
வெளுத்துப்போய் இருந்தால் காற்று அதிகம், அல்லது சூடு அதிகம்.
பெட்ரோலில் நனைந்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை.

ஒன்று மட்டும் மற்ற இரண்டிலிருந்து மாறியிருந்தால் குறை அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் குறை மூன்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. இந்த ஒரு விதி தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். எங்கள் வண்டியில் மூன்றும் ஒரே இளம் பழுப்பு. அதனால் பிளக், ஒயர், காயில், தனி இன்ஜெக்டர் எல்லாம் சந்தேகப் பட்டியலில் பின்னால் போயின. பொதுவான காற்று வழியும், சூட்டை அளக்கும் சென்சாரும் முன்னால் வந்தன.

ஐந்தாம் படி: மெக்கானிக்கிடம் சொல்வது

இந்த முறை அக்கா தானே நோட்டோடு போனார். கூட யாரையும் ‘பேசுவதற்கு’ என்று அழைத்துப் போகவில்லை. முதல் நாள் மாலையே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டார். காரணம், குறை ஆறிய எஞ்சினில்தான் தெரியும். வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால் போகும் வழியிலேயே சூடாகிச் சரியாகிவிடும், மெக்கானிக்குக் குறையே தெரியாது. முன்பு மூன்று முறையும் நாங்கள் செய்த தவறு அதுதான்.

காலையில் போய் அக்கா சொன்னது இதுதான்: “ராத்திரி முழுக்க நின்னா மட்டுந்தானுங்க குலுங்குது. மூணு நிமிசத்துல சரியாயிடுது. மிதிச்சுப் புடிச்சா குலுங்கறதில்லீங்க. புகை இல்லை. சாவியை மூணு தடவை ஆன் ஆஃப் பண்ணிப் பாத்தேன், மாத்தமில்லை. பிளக் மூணும் ஒரே கலரு.”

மெக்கானிக் நோட்டை வாங்கிப் படித்தார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா பிளக்கே மாத்தியிருக்க மாட்டனுங்களே” என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. “குலுங்குது” என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அவரும் ஊகமாகத்தான் வேலை செய்திருக்கிறார்.

முதலில் ஸ்கேனர் போட்டார். எஞ்சினைத் தொடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, எஞ்சின் தண்ணீரின் சூடும் வெளிக்காற்றின் சூடும் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தார். இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தது. அப்படியானால் சென்சார் பொய் சொல்லவில்லை. மீதி இருந்தது காற்று வழி.

ஸ்டார்ட் செய்து, குலுங்கும்போதே காதை வைத்துக் கேட்டார். மெல்லிசாக ‘உஸ்’ என்று ஒரு சத்தம். சின்னத் தண்ணீர் ஸ்பிரேயால் காற்றுக் குழாய்களின் மேல் ஒவ்வொரு இடமாக, மின் ஒயர்களில் படாமல், இரண்டு சொட்டு அடித்தார். ஒரு குழாயின் வளைவில் அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. தண்ணீர் அந்த ஓட்டையை ஒரு வினாடி அடைத்ததுதான் காரணம். கழற்றி வளைத்துப் பார்த்தால் ரப்பரில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. பன்னிரண்டு வருட ரப்பர், அதற்கு வயதாகிவிட்டது. யார் ஓட்டியதாலும் வந்த கோளாறு அல்ல.

குழாய் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. கூடவே அழுக்குப் படிந்திருந்த த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்யலாமா என்று கேட்டார். “இன்னைக்குக் குழாய் மட்டும் மாத்துங்க. நாளைக்குக் காலைல குலுங்கலைன்னா இதுதான் காரணம்னு தெரிஞ்சுரும். அப்புறம் அதையும் பண்ணிக்கலாமுங்க” என்றார் அக்கா. மறுநாள் காலை வண்டி குலுங்கவில்லை. நோட்டில் அந்த வரியை எழுதும்போது நாங்கள் நான்கைந்து பேர் வண்டியைச் சுற்றி நின்றிருந்தோம்.

சின்ன ஓட்டை ஏன் காலையில் மட்டும் படுத்தியது?

அரை டம்ளர் பாலில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் பால் நீர்த்துவிடும். ஒரு குடம் பாலில் அதே கரண்டி தண்ணீர் தெரியாது. மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் கொஞ்சம் காற்றைத்தான் இழுக்கும். அப்போது ஓட்டை வழியாகக் கணக்கில்லாமல் வரும் காற்று பெரிதாகத் தெரியும். மிதித்தால் நிறையக் காற்று போவதால் அது தெரியாது.

எஞ்சின் சூடானதும் சைலன்சர் வழியில் உள்ள ஆக்சிஜன் சென்சார் வேலைக்கு வரும். “காற்று அதிகமாக இருக்கிறது, பெட்ரோலைக் கூட்டு” என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும், குறை மறைந்துவிடும். ஆறிய நேரத்தில் அந்தச் சென்சார் இன்னும் விழித்திருக்காது. காலையில் மட்டும் குலுங்கியதன் ரகசியம் இதுதான்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

டீசலில் தீப்பொறிப் பிளக் கிடையாது. பல வண்டிகளில் ஹீட்டர் பிளக் இருக்கும். சாவி திருப்பியதும் சுருள் கம்பி போன்ற விளக்கு எரியும். அது அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். அப்படிச் செய்தும் காலையில் குலுங்கி வெள்ளைப் புகை வந்தால் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்பது அடுத்து பார்க்க வேண்டியவை.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

* மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆளையே கொன்றுவிடும்.
* நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். மூன்றும் போட்ட பிறகே எஞ்சினைத் திறங்கள்.
* முந்தானையை இழுத்துச் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், பின்னலைக் கொண்டை போடுங்கள். ஃபேன் பெல்ட் ஒரு நொடியில் இழுத்துவிடும்.
* எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரையும் காயிலையும் தொடாதீர்கள். பல ஆயிரம் வோல்ட் பாயும்.
* சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.
* காற்றுக் கசிவு பார்க்கிறேன் என்று ஓடும் எஞ்சின்மேல் பெட்ரோலோ எரியக்கூடிய ஸ்பிரேயோ அடிக்கவே கூடாது.

பில் கட்டும் முன்

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒரே நாளில் நாலு பாகம் மாற்றினால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று என்பதைக் குழுவில் தீர்மானமாகவே போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போட்டிருக்கிறோம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் வண்டிச் செலவு வந்தால், நோட்டைப் படித்துக் காட்டிய பிறகே பணம் எடுக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்மானத்தில் உண்டு.

கூட்டத்தில் பேச

இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.

1. நம் குழுவில் வண்டி, மெஷின், மோட்டார் என்று எவற்றுக்குப் போன வருடம் பழுது பார்த்தோம்? காரணம் தெரிந்து செலவு செய்தோமா, ஊகத்தில் செய்தோமா?
2. காலையில் மட்டும் குலுங்கும் வண்டியை ஏன் முதல் நாளே ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டும்?
3. மூன்று பிளக்கில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் என்ன அர்த்தம்? மூன்றும் கரியாக இருந்தால்?
4. தையல் மெஷினில் நூல் அறுந்தால் நாம் பார்க்கும் வரிசை என்ன? அதே வரிசையை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?
5. வண்டி நோட்டை யார் எழுதுவது, எந்தக் கூட்டத்தில் படிப்பது?

எங்கள் வேன் இப்போதும் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறது. கம்பெனி ஆர்டரும் தொடர்கிறது. தை மாதத்தில் இருந்து இன்னும் இரண்டு உறுப்பினர்கள் டிரைவிங் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். அவர்களுக்கு அக்கா முதல் நாள் சொல்லிக் கொடுத்தது ஸ்டியரிங் பிடிக்க அல்ல. “மொதல்ல பானெட்டையோ சீட்டையோ தூக்கிப் பாருங்க கண்ணு. அப்புறம் நோட்டைப் பாருங்க. அதுக்கப்புறம் சாவி.”

உங்கள் குழுவிலும் ஒரு வண்டி நோட்டு தொடங்குங்கள்.